ஜெர்மன்காரரக் கட்டிக்கிட்டு பெங்களூர்ல இருந்து கிளம்புறீங்களா, இதப் படிச்சிட்டுப் போங்க

அல்சூர், மர்பி டவுன் பக்கம் வளந்த நமக்கு வீட்ல தமிழ், கடையில கன்னடம், ஆபீஸ்ல இங்கிலீஷ்னு மாத்தி மாத்தி பேசிப் பழக்கம்தான், அதனால எங்க போனாலும் சமாளிச்சிடலாம்னு ஒரு தைரியம் இருக்கும். அந்த தைரியம் நல்லதுதான். ஆனா ஜெர்மனி போன புதுசுல பேங்க், டாக்டர், வீட்டுக்கு வர்ற லெட்டர்னு எல்லாத்துக்கும் வீட்டுக்காரர் முகத்தையே பாத்துட்டு நிக்க வேண்டி வரும், அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் சரி, அந்த நிலைமைய சீக்கிரம் தாண்டணும்.

அதுக்கு மொழிய இங்கயே ஆரம்பிங்க. ஸ்பவுஸ் விசாவுக்கு பொதுவா ஏ1, அதாவது ஜெர்மன் மொழியோட முதல் படி பாஸ் ஆன சர்டிஃபிகேட் கேப்பாங்க, ஜெர்மன் சொல்லிக் குடுக்குற இந்திராநகர் மேக்ஸ் முல்லர் பவன்லயே கோர்ஸ், எக்ஸாம் ரெண்டும் இருக்கு. பாஸ் ஆனதும் புக்க மூடி வச்சிடாதீங்க ப்ளீஸ். ஏ1ல பேர் ஊர் சொல்லலாம், கடையில பிரட் கேக்கலாம், மாமியார் வீட்ல எல்லாரும் உக்காந்து வேகமா பேசுறப்போ ஒண்ணும் புரியாது. விசா வர்ற வரைக்கும் அடுத்த படி ஏ2 படிங்க, அங்க போனதும் புதுசா வர்றவங்களுக்கான இன்டக்ரேஷன் கோர்ஸ்ல சேந்துடுங்க, அது அதுக்கும் மேல பி1 வரைக்கும் போகும், உங்கள மாதிரியே புதுசா வந்தவங்களும் அங்கதான் கிடைப்பாங்க.

வீடு புகுந்த 2 வாரத்துக்குள்ள அந்த ஊர் நகராட்சி ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும், அவர் கூட வரட்டும் ஆனா பேசுறது நீங்களா இருங்க. இன்னொண்ணு, அப்பா பேரையே வச்சிருந்தீங்கன்னா லெட்டர் பாக்ஸ்ல உங்க பேரையும் ஒட்டுங்க, பேர் இல்லன்னா லெட்டர் திரும்பிப் போயிடும்.

மாமியார் வீட்டு விஷயத்துக்கு வரேன், இதுலதான் நிறைய பேர் மனசு நொந்து போறாங்க. ராத்திரி சாப்பாடுன்னு பிரட், சீஸ், ஊறுகா வெள்ளரிக்கா மட்டும் வைப்பாங்க, நமக்காக ஒண்ணும் சமைக்கலையேன்னு தோணும், அங்க பல வீட்ல தினமுமே அப்படித்தான். நம்ம வீட்ல வேணாம்னு சொன்னாலும் ரெண்டு தடவ கேட்டு தட்டுல வச்சிடுவாங்க, அங்க வேணாம்னா வேணாம்தான், கூச்சப்பட்டு சொன்னீங்கன்னா பசியோடதான் எழுந்திருக்கணும். பீஃப், போர்க் சாப்பிட மாட்டீங்கன்னா முதல் நாளே நேரா சொல்லிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மாமியார் மாமனாரே பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னா கூப்பிடுங்க, நாக்கு எழாதுதான், ஆனா அது அவங்க காட்டுற பாசம். பிறந்தநாள் வாழ்த்த முந்தின நாளே சொல்லாதீங்க, ஆகாதுன்னு நினைப்பாங்க. கிறிஸ்துமஸ் அவங்களுக்கு 24ம் தேதி சாயங்காலமே முக்கியம். ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிடுங்க.

அதே சமயம் உங்களோடத விட்டுடாதீங்க. இலங்கைத் தமிழர் கடைகள் பல ஊர்ல இருக்கு, கறிவேப்பிலை, முருங்கைக்கா எல்லாம் கிடைக்கும். ஜெர்மனியில ஹாம்னு ஒரு ஊர்ல 2002ல திறந்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, தேர்த் திருவிழாவுக்கு அவர் வீட்டாரையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களும் உங்க ஊர் வழக்கத்தத் தெரிஞ்சுக்கட்டுமே.

டிசம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடும், முதல் வருஷம் அது ரொம்ப அழுத்தும். அப்போ இங்க மணி அங்கத்த விட நாலரை மணி நேரம் கூட இருக்கும், மத்தியானமே அம்மாக்கு போன் போடுங்க, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாம உள்ளதச் சொல்லுங்க.