தரகர் இல்லாத பட்டியல்: கடற்கரைத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு திட்ட வரைவைக் கொண்டுவந்து நீட்டினாள். குமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களில் குஞ்சு மீன் பிடிப்பதைக் குறைக்கும் திட்டம். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று ஒரு பட்டியல். மாவட்ட ஆட்சியர், மீன்வளத் துறை, பங்குத்தந்தை, ஊர்க் கமிட்டி, மீனவர் சங்கம், மகளிர் குழு, பள்ளிக்கூடம் என்று பதினொரு பேர். மீனை ஏலம் போட்டு விற்றுத் தருகிற தரகர் இல்லை. என்னுடைய முதல் திட்டத்தில் நான் போட்ட பட்டியலிலும் அவர் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

உயிர்காப்புச் சட்டை போடாமல் வள்ளத்தில் ஏறுவது, ரசீது வாங்காமல் விடுவது இதையெல்லாம் எழுதப் போவதில்லை. முதல் வாரத்திலேயே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

தடைக்காலத்துக்கு ஒரே தேதி போடுவது

குமரி மாவட்டம் ஒன்றுதான், மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். நீரோடி தாண்டிப் பொழியூருக்குள் கால் வைத்தால் கேரளம். அங்கே தடை 52 நாள், ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும். அதுவும் 12 கடல் மைலுக்குள்தான் மாநிலத்தின் கணக்கு. அதற்கு வெளியே ஒன்றிய அரசின் 61 நாள். அந்த எட்டு ஊர்களில் ஒன்றான தூத்தூர்க்காரர்களின் ஆழ்கடல் படகுகள் கொச்சியில் கரையேறி, வேலை செய்வதோ 12 மைலுக்கு வெகு வெளியே. அவர்களுக்கு எந்தத் தேதி என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் ஒருமுறை 'தடைக்காலப் பயிற்சி' என்று ஏப்ரல் கடைசியில் மண்டபம் பிடித்தேன். அறுபது பேருக்குச் சாப்பாடு. வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் மூன்று பேர் மண்டபத்துக்காரரின் சொந்தக்காரர்கள். தூத்தூர் ஆட்கள் அப்போது லட்சத்தீவுப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீனுக்கு ஒரே பெயர் என்று நம்புவது

இங்கே சாளை, வடகேரளத்தில் மத்தி. இங்கே அயிலை, சென்னையில் கானாங்கெளுத்தி. எங்கள் பதிவேட்டில் ஒரு வருடம் முழுக்க அயிலையும் கானாங்கெளுத்தியும் இரண்டு தனி மீன்களாக நீந்தின.

கண்ணி அளவைக் கேட்காமல் வலை வாங்குவது

கண்ணி என்பது வலையின் ஓட்டை. அதை அளந்தது முடிச்சுக்கு முடிச்சா, இழுத்துப் பிடித்த அளவா? இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக இரண்டு மடங்கு. பில்லில் எழுதி வாங்குங்கள்.

தரகரை விட்டுவிடுவது

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் முதல் திட்டத்தில், குஞ்சு மீனும் சிக்குகிற சின்னக் கண்ணி வலையை வாங்கிக்கொண்டு பெரிய கண்ணி வலை கொடுத்தோம். எட்டு ஊர்களில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். இருபத்தாறு வள்ளம், இருபத்தாறு வலை. ஊர்க் கமிட்டி ஒப்புக்கொண்டது, பங்குத்தந்தை பூசையில் அறிவித்தார், வலையை ஆசீர்வதித்தும் கொடுத்தார். இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டோ எடுத்தோம். நிதி கொடுத்தவர்கள் மகிழ்ந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து அந்த ஊருக்குள் நடந்து போனபோது ஒரு வீட்டின் மரச்சீனித் தோட்டத்தைச் சுற்றி எங்கள் வலை. இரண்டு வீடு தள்ளிக் கோழிக்கூட்டின் மேல் எங்கள் வலை. நீல நிறம், புதுக்கருக்குக்கூடப் போகவில்லை. அன்றைக்கு எண்ணியதில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவை ஐந்து.

எனக்குக் கோபம். ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரு வள்ளக்காரரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "மக்களே, வலை நீங்க தந்தீங்க, சரி. மீனைத் தரகருக்குத்தானே குடுக்கணும்" என்றார்.

அவர் சொன்னது புரிய எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. எஞ்சின் வாங்கத் தரகர் முன்பணம் கொடுத்திருப்பார். அதற்கு வட்டி என்று பெயர் சொல்லி எதுவும் இருக்காது. பதிலாக, அந்த வள்ளத்தின் மீன் முழுவதும் அவர் கையால்தான் ஏலம் போக வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கழிவு, அதாவது கமிஷன், உண்டு. கடனை அடைக்கும்வரை வேறு ஆளிடம் மீன் கொடுக்க முடியாது. அடைக்கச் சொல்லி அவர் அவசரப்படுத்தவும் மாட்டார், ஏனென்றால் அடைத்துவிட்டால் வள்ளம் கையை விட்டுப் போய்விடும். இப்போது பெரிய கண்ணி வலையைப் போட்டுப் பாருங்கள். முதல் சில மாதம் கரைக்கு வரும் எடை குறையும். எடை குறைந்தால் கழிவு குறையும். ஒருநாள் தரகர், சிரித்துக்கொண்டேதான், "அப்போ நம்ம பணத்தைத் தந்திரு" என்பார். மறுநாள் காலை பழைய வலை பரணிலிருந்து இறங்கிவிடும். (பழைய வலையை நாங்கள் வாங்கிக்கொண்டோமே என்கிறீர்களா? எல்லோர் வீட்டிலும் இரண்டு இருந்தது. அது இன்னொரு கதை.)

ஆக, கையெழுத்துப் போட்ட இருபத்தாறு பேரில் முடிவெடுக்கும் உரிமை உள்ளவர்கள் ஐந்து பேர். கடன் இல்லாத அந்த ஐந்து பேர்தான் வலையைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

இதைக் கேட்டதும் புதியவர்கள் உடனே தரகரை வில்லனாக்கிவிடுவார்கள். அதுவும் தப்பு. நள்ளிரவில் எஞ்சின் பழுதானாலும், பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், சாவு வீடானாலும் கதவைத் தட்டினால் பணம் எடுத்துத் தருகிற ஆள் அவர்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து ஆட்கள் திரும்பாமல் இந்த ஊர்கள் அழுதுகொண்டிருந்தபோது, அரசு வருவதற்கு முன்னால் சில வீடுகளில் அரிசி இறக்கியதும் தரகர்கள்தான். நம் திட்டத்தில் அவசரக் கடனுக்கு ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வலை வாங்கும் முன், வள்ளம் வள்ளமாக உட்கார்ந்து கேளுங்கள்: எஞ்சினுக்குப் பணம் யார் கொடுத்தது, வலைக்கு யார், ஏலம் போடுவது யார், கழிவு எவ்வளவு. கூட்டத்தில் கேட்காதீர்கள், பொய்தான் வரும். வீட்டுத் திண்ணையில் கேளுங்கள். அப்புறம் தரகரிடம் போங்கள், அவருடைய இடத்துக்கு. பெரிய மீனைத் தனியாகப் பிரித்து ஏலம் போட்டால் கிலோவுக்கு விலை கூடும், அவருடைய கழிவும் கூடும் என்பதை ஒரு வாரம் போட்டுக் காட்டுங்கள். எங்கள் இரண்டாவது திட்டத்தில் நான்கு தரகர்களில் இருவர் ஒப்புக்கொண்டார்கள். மற்ற இருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாதி வெற்றி, ஆனால் வலை கோழிக்கூட்டுக்குப் போகவில்லை.

திருவனந்தபுரம் கரையில் மீனவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து, ஏலத்தையும் கடனையும் சேமிப்பையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டார்கள். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அப்படி வளர்ந்ததுதான். வலையிலிருந்து தொடங்காமல் கடனிலிருந்து தொடங்கினார்கள். மூன்று வருட நிதியில் அதைச் செய்துவிடலாம் என்று மட்டும் வரைவில் எழுதிவிடாதீர்கள்.

தூத்தூரில் சுறா சுவரொட்டி ஒட்டுவது

வேண்டாம். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் போட்டார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அதே டிசம்பரில் பத்து இனங்களாகக் குறைத்தார்கள். சுறாத் தூண்டிலை நம்பி வாழ்ந்த ஊர் அந்த ஐந்து மாதத்தை மறக்கவில்லை. எந்த இனத்துக்குத் தடை, எதற்கு இல்லை என்று படத்தோடு கையில் கொண்டு போங்கள், பேசுவார்கள்.

காலை பத்து மணிக்குக் கூட்டம்

ஆண்கள் தூக்கத்தில். பெண்கள் மீன் கடவத்தோடு சந்தையில். வருவது நீங்களும் பேனரும்.

சாளை கூடினால் நம் பெயரைப் போட்டுக்கொள்வது

சாளை மழைக்காலத்தில் முட்டையிடும், ஏறக்குறைய ஒரு வயதில் பருவத்துக்கு வந்துவிடும். மழை, நீரோட்டம், கடல் சூடு எல்லாம் அதைத் தூக்கும், இறக்கும். குஞ்சாகப் பிடித்துத் தீர்ப்பதும் அதில் ஒரு காரணம். கேரளம் தன் கரையில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதனால்தான். ஆனால் ஒரே காரணம் அதுவல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், 2012இல் கேரளத்தில் கரையிறங்கிய சாளை கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021இல் 3,300 டன்கூட இல்லை.

எல்லையின் இரண்டு பக்கமும் சாளை கொட்டிய அந்த 2012இல்தான் என் முதல் ஆண்டறிக்கை போனது. 'எமது விழிப்புணர்வுப் பணியின் விளைவாக' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். பின்னால் மீன் காணாமல் போனபோது, அதுவும் எமது பணியின் விளைவா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறிக்கை இன்னும் அலுவலக பீரோவில் இருக்கிறது. எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மாதிரியாக, புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.