எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர்: வீட்டில் நிறுத்தி, ஒலியைப் பதப்படுத்தும் முறை

எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கரை வாங்கி வந்து, பழைய பெட்டி ஸ்பீக்கர் நின்ற அதே இடத்தில் சுவரோடு ஒட்டி வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) மெலிந்துவிடும், குரல் கலங்கும், தலையை ஒரு சாண் நகர்த்தினால் ஒலியே மாறும். உடனே ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) மாற்றலாமா, ஒயரை மாற்றலாமா என்று மனம் அலைபாயும். அதற்குச் செலவழிக்கும் முன் ஒரு மீட்டர் டேப்பும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை ஸ்பீக்கரில் பாதி வேலையைச் செய்வது அறைதான்.

எப்படி ஒலிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

துளையிட்ட இரண்டு உலோகத் தட்டுகள். அவற்றுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பேனல். அந்தப் படலத்தில் சில ஆயிரம் வோல்ட் நேர்மின் அழுத்தம் எப்போதும் நிற்கும். இதைத்தான் பயாஸ் என்கிறோம். ஆம்பிலிருந்து வரும் சிக்னலை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெருக்கி, இரு தட்டுகளுக்கும் எதிரெதிராகக் கொடுக்கும். ஒரு தட்டு இழுக்க, மறு தட்டு தள்ள, படலம் முழுப் பரப்போடும் அசையும். எடை கிட்டத்தட்ட இல்லாததால், வீணைத் தந்தியை மீட்டும் கணத்தில் எழும் அந்தக் கூர்மை மழுங்காமல் வருகிறது.

ஆனால் பெட்டி கிடையாது. முன்னால் எவ்வளவு ஒலி வருகிறதோ அதே அளவு பின்னாலும் போகும், அதுவும் தலைகீழ்க் கட்டத்தில்: முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நல்லதும் கெட்டதும் இதிலிருந்தே பிறக்கின்றன.

படி 1: எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் உருவாக்கிய குவாட் இஎஸ்எல் 1957 முதல் 1985 வரை விற்பனையில் இருந்தது. இன்று அதை எல்லோரும் '57' என்றே அழைக்கிறார்கள். அடுத்து 1981-ல் வந்தது இஎஸ்எல்-63. படலத்துக்கு எதிரே இருக்கும் மின்முனையை வட்ட வட்ட வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்துக்கும் சற்றே தாமதித்து சிக்னல் கொடுப்பார்கள். பேனலுக்கு 30 செ.மீ. பின்னாலிருந்து ஒரே புள்ளியில் ஒலி புறப்படுவதுபோலக் கேட்கும். அமெரிக்காவின் மார்ட்டின்லோகன் வேறு வழியில் போனது. வளைந்த பேனல், அடியில் பேஸுக்கு வூஃபர் என்ற சாதாரணக் கூம்பு ஸ்பீக்கர். முதல்முறை வாங்குபவருக்கு இந்தக் கலப்பு வகைதான் எளிது. பேஸ் தட்டுப்பாடு இருக்காது, உதிரிப் பேனலும் கிடைக்கும்.

தட்டைப் பேனலின் சங்கடம் ஒரு கணக்கில் புரிந்துவிடும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 செ.மீ. பேனலின் அகலம் 25 செ.மீ. என்றால், நேர்கோட்டிலிருந்து 8 டிகிரி விலகினாலே அந்த ஒலி மறைந்துவிடும். 2.5 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 8 டிகிரி என்பது வெறும் 35 செ.மீ. தலையை நகர்த்தினால் ஒலி மாறுவது இதனால்தான். பேனலை வளைப்பதும் வளையங்களாகப் பிரிப்பதும் இதற்கான தீர்வுகள்.

படி 2: மின்சாரமும் ஆம்பும்

பழைய ஸ்பீக்கர் வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால், அது 230 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பின்பக்கத் தகட்டைப் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 117 வோல்ட் அமைப்பில் 230 கொடுத்தால் பயாஸ் ஏறக்குறைய இரட்டிப்பாகும், படலம் ஓட்டையாகும். எர்த் சரியாக உள்ள சாக்கெட்டும் ஒரு சர்ஜ் புரொடெக்டரும் கட்டாயம்.

ஆம்பின் கண்ணுக்கு இந்த ஸ்பீக்கர் ஒரு பெரிய கெப்பாசிட்டர். அலைவெண் ஏற ஏற இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் தடை, ஓமில் அளப்பது) விழும். பெயருக்கு 4 ஓம் என்று போட்டிருக்கும் சில மாடல்கள் 20,000 ஹெர்ட்ஸில் 1 ஓமுக்கும் கீழே போகின்றன. எனவே வாட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், 2 ஓம் லோடில் நிலையாக நிற்கும் ஆம்பா என்று பாருங்கள். வால்வ் ஆம்ப் (கண்ணாடி வால்வுகளில் ஓடும் பழைய வகை) என்றால் அதன் 4 ஓம் முனையில் தொடங்குங்கள். ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸும் 20,000 ஹெர்ட்ஸில் சமமாக இருந்தால் அங்கே 3 டெசிபெல் இறங்கிவிடும். பலர் புகழும் 'மென்மையான ட்ரெபிள்' (உயர்ந்த ஒலிகள்) சில வேளைகளில் இந்த இழப்புதான்.

அதிக சக்தியும் ஆபத்து. குவாட் 57-க்கு உச்ச அளவு 33 வோல்ட். அதாவது 8 ஓமில் 65 வாட்டைத் தாண்டித் தரும் ஆம்பை முழுக்கத் திருப்பினால் ட்ரெபிள் பேனல் கருகும். 63-ல் பாதுகாப்புச் சுற்று உண்டு. உள்ளே பொறி பறக்கும் அறிகுறி தெரிந்தால் அது உள்ளீட்டையே ஷார்ட் செய்யும். அந்த நேரத்தில் அடி வாங்குவது ஆம்ப் என்பதால், ஷார்ட்டைத் தாங்கும் ஆம்பாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு போதும். இருபுறமும் சம நீளம், முடிந்தவரை குட்டை. அவ்வளவுதான்.

இணைக்கும் வரிசை: ஆம்ப் அணைந்திருக்கட்டும், ஸ்பீக்கர் ஒயரைப் பூட்டுங்கள், சிவப்பும் கறுப்பும் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கிறதா பாருங்கள், பிறகு ஸ்பீக்கருக்கு மின்சாரம், கடைசியில் ஆம்ப். நீண்ட நாள் சும்மா கிடந்த பேனல் என்றால் ஓர் இரவு முழுக்க மின்சாரத்தில் விட்டுவிடுங்கள். மிக உயர்ந்த தடை வழியாகத்தான் படலத்துக்குச் சார்ஜ் போகிறது. முதல் ஒரு மணி நேரக் கேட்பை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம்.

படி 3: சுவரிலிருந்து தூரம்

எல்லாவற்றிலும் பெரிய படி இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, முன்னால் வரும் ஒலியோடு சேரும். தலைகீழாகப் புறப்பட்டதால் சில அலைவெண்களை அழிக்கும், சிலவற்றைத் தூக்கும். முதல் பள்ளம் எங்கே விழும் என்று அறிய, 343-ஐ (ஒலி ஒரு வினாடியில் போகும் மீட்டர்) சுவர்த் தூரத்தின் இரு மடங்கால் வகுங்கள். முதல் மேடு அதில் பாதி.

அரை மீட்டரில் வைத்தால் பள்ளம் 343 ஹெர்ட்ஸில், அதாவது மனிதக் குரலின் நடுவில். மேடு 171-ல் நின்றுவிடும், அதற்குக் கீழே பேஸ் தேயும். 1 மீட்டரில் பள்ளம் 171, மேடு 86. 1.5 மீட்டரில் பள்ளம் 114, மேடு 57. தள்ளத் தள்ளக் குரல் தப்பிக்கிறது, பேஸ் ஆழமாகிறது. இன்னொன்றும் நடக்கும். அரை மீட்டரில் எதிரொலி 3 மில்லிவினாடியில் வந்து மூல ஒலியோடு குழம்பும். ஒன்றரை மீட்டரில் கிட்டத்தட்ட 9 மில்லிவினாடி. காது அதை விசாலமாக எடுத்துக்கொள்ளும்.

3.6 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் நீளம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். பேனலுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து பேனல் 1.3 மீட்டர். இரு பேனல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 2 மீட்டர். பக்கச் சுவருக்கு 80 செ.மீ. மிஞ்சும். பெட்டி ஸ்பீக்கருக்கு இது நெருக்கம். இதற்குப் பக்கவாட்டில் ஒலி இல்லாததால் பரவாயில்லை. உட்காருமிடம் பேனலிலிருந்து 2.6 மீட்டர், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர். அறையின் சரிநடுவில் மட்டும் உட்காராதீர்கள். இந்த நீளத்துக்கு 32 ஹெர்ட்ஸ் அங்கே காணாமல் போகும்.

இப்போது தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 5 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு, அதில் தனிக்குரலும் மிருதங்கமும் இருந்தால் உத்தமம். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு கோடு நகர்த்துங்கள், உட்காருங்கள், ஒரு நிமிடம் கேளுங்கள். மிருதங்கத்தின் இடந்தலை வீங்காமலும் குரல் சளி பிடித்ததுபோல் ஆகாமலும் இருக்கும் கோட்டைக் கண்டதும் நிறுத்துங்கள். அதன் பிறகு 1 செ.மீ. நகர்த்தல்கள்.

படி 4: திருப்புதலும் சாய்வும்

வளைந்த பேனலுக்கு மார்ட்டின்லோகன் சொல்லும் டார்ச் முறை நன்றாக வேலை செய்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, கேட்கும் இடத்தில் உட்கார்ந்து, டார்ச்சை முகவாயின் கீழ் வைத்துப் பேனலை நோக்கி அடியுங்கள். படலத்தில் தெரியும் வெளிச்சம், பேனலின் உட்புற மூன்றில் ஒரு பங்கில் விழ வேண்டும். இரு பக்கமும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதுதான் முக்கியம். தட்டைப் பேனலை நேராகக் காதை நோக்கித் திருப்பிவிட்டு, மோனோ (இரு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல் வரும்) குரல் ஒன்றைப் போட்டு, குரல் நடுவில் ஆணியடித்ததுபோல் நிற்கும்வரை இம்மி இம்மியாக வெளியே திருப்புங்கள்.

இரு பேனல்களின் ஓரங்களிலிருந்தும் உங்கள் மூக்குக்கு டேப் பிடித்து அளந்தால் வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஸ்பிரிட் லெவல் வைத்துச் சாய்வையும் சமன்செய்யுங்கள். குவாட் 57 குள்ளமானது, தரையில் வைத்தால் ஒலி இடுப்பு உயரத்தில் நிற்கும். உறுதியான ஸ்டாண்ட் போட்டு உயர்த்துவது நல்லது.

படி 5: பின்சுவரும் அளவீடும்

பின்சுவரை மெத்தை போட்டு மூடினால் ஒலி செத்துப்போகும். சிதறடிப்பதே மேல். வெவ்வேறு கனமுள்ள புத்தகங்கள் அடுக்கிய திறந்த அலமாரி இதற்கு அருமையானது. சுவரிலிருந்து ஒரு மீட்டர்கூடத் தள்ள முடியாத வீட்டில் மட்டும் பேனலுக்கு நேர் பின்னால் 10 செ.மீ. ராக்வுல் பலகை வையுங்கள். அதுவும் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உதவும்.

அளக்க, ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கும் போதும். மைக் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். இடம், வலம் தனித்தனியாக அளந்து, இரு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாருங்கள். 300 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டும் ஒட்டிப் போக வேண்டும். 2 டெசிபெல்லுக்கு மேல் நிரந்தர இடைவெளி தெரிந்தால், ஒரு பேனல் சார்ஜ் இழக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ஈக்வலைசரால் (அலைவெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மேடுகளைக் குறையுங்கள். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். எவ்வளவு ஏற்றினாலும் திரும்பி வரும் அலையும் கூடவே ஏறி அழித்துவிடும், படலம் மட்டும் வீணாக அலையும்.

சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) சேர்ப்பதென்றால் 60 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் ஒலியைப் பிரித்துக்கொடுங்கள், பேனலுக்குப் போகும் சிக்னலிலும் அதற்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

படி 6: தூசி, ஈரம், புகை

ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும் பரப்பு தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். தூசியோடு ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கசிய வழி கிடைக்கும். சார்ஜ் இறங்கும், ஒலி தேயும். சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி, அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 60 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், தாளிக்கும் எண்ணெய்ப் புகை எதுவும் இந்த அறைக்குள் வரக் கூடாது. புகைத்துகள் படலத்தில் ஒட்டினால் வீட்டில் எடுக்க வழியில்லை.

சுத்தம் செய்ய, ஆம்பை அணைத்து ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி, குறைந்தது 6 மணி நேரம் விடுங்கள். சார்ஜ் இறங்கிய பிறகுதான் தூசி பிடியை விடும். மென்மையான பிரஷ் மாட்டிய வேக்குவம் கிளீனரை முன்பக்கத்தில் மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், ஸ்பிரே வேண்டாம்.

கோளாறு வந்தால்

கொசு பேட்டில் பூச்சி சிக்கினால் 'டிக்' என்று கேட்குமே, அதே ஓசை அவ்வப்போது பேனலிலிருந்து வந்தால் உள்ளே பொறி பறக்கிறது. அறையை இருட்டாக்கிப் பாருங்கள், நீலப் புள்ளி தெரியும். பூச்சியோ தூசியோ என்றால் வேக்குவம் போட்டதும் போய்விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் படலம் ஓட்டையாகியிருக்கிறது, உடனே அணையுங்கள்.

ஒரு பக்கம் ஒலி குறைந்தால், எல்லாவற்றையும் அணைத்து ஆம்பில் இடம்-வலம் ஒயர்களை மாற்றிப் பூட்டுங்கள். குறை மறு பக்கம் போனால் ஸ்பீக்கருக்கு முந்திய ஏதோ ஒன்றில் கோளாறு. அதே பக்கம் நின்றால் பேனலோ பயாஸ் சுற்றோ. மழைக்காலத்தில் மட்டும் குறைந்து, ஏசி ஓடிய சில மணி நேரத்தில் தேறினால் அது ஈரக் கசிவு. ஒவ்வொரு பேஸ் அடிக்கும் படபடவென்று படலம் அடித்தால் இழுவிசை தளர்ந்திருக்கிறது, பேனலை மாற்றத்தான் வேண்டும்.

பின்மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும். அதைவிட ஆபத்து, ஆம்ப் ஓடும்போது ஸ்டேட்டரில் வரும் ஆயிரக்கணக்கான வோல்ட். அதன் பின்னால் ஆம்பின் முழு சக்தியும் இருக்கிறது. ஆளைக் கொல்லப் போதுமானது.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பிளக்கைப் பிடுங்கி, பழைய பருத்தி வேட்டியால் மூடிவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். திரும்பி வந்ததும் முதலில் அறையை உலர்த்துங்கள், பிறகு மின்சாரம், மறுநாள் பாட்டு.