மலைநாட்டுச் சமையலறையில் நூடில்ஸ்: குழையாமலும் ஒட்டாமலும் சமைக்கும் முறை

நூடில்ஸ் பொதியின் பின்புறத்தில் “4 நிமிடம் வேகவிடவும்” என்று அச்சிட்டிருந்தால், அந்தக் கணக்கு கொழும்பு போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்குப் பொருந்துமே தவிர, நுவரெலியாவிலும் ஹற்றனிலும் இருக்கும் நமக்கு அப்படியே பொருந்தாது. கண்டியில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் எனக்குச் சரியாக வெந்த அதே நூடில்ஸ், நுவரெலியாவுக்குக் குடிவந்த பின் வெளியே பிசுபிசுத்தும் நடுவில் மாவு வாடையோடும் நின்றது. அதற்கான காரணத்தைத் தேடி, முறையைத் திருத்திக்கொண்ட பிறகு எனக்குக் கைவந்ததை, முதன்முதலாகச் சமைப்பவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன். தாச்சியில் பிரட்டும் நூடில்ஸ் ஒன்று, குளிருக்கு இதமான சூப் நூடில்ஸ் ஒன்று என்று இரண்டு உணவுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எந்த நூடில்ஸை வாங்குவது

பிரட்டுவதற்குக் கோதுமை மாவில் செய்த சாதாரண உலர் நூடில்ஸை வாங்குங்கள். ஜப்பானில் மொமொஃபுகு அன்டோ 1958இல் அறிமுகப்படுத்திய உடனடி நூடில்ஸ் வகை, பொதுவாக அவித்து எண்ணெயில் பொரித்து உலர்த்தப்படுவதால், வெந்நீர் பட்டதுமே இளகிவிடும். தாச்சியில் அது தாக்குப்பிடிக்காது. அரிசி நூடில்ஸை வேறு விதமாகக் கையாள வேண்டும் என்பதால் அதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீரும் கொதிநிலையும்

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. மேலே ஏற ஏற வளியமுக்கம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் 1 பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. 500 மீற்றர் உயரத்தை அண்டிய கண்டியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 1,200 மீற்றரைத் தாண்டிய ஹற்றனிலும் பண்டாரவளையிலும் தண்ணீர் 96 பாகையளவில் கொதிக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலோ 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. கூடுதலாக எரியும் கேஸ் தண்ணீரை ஆவியாக்குவதோடு சரி. பருப்பும் கடலையும் இங்கே வேகத் தாமதிப்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே, நேரத்தைப் பார்த்து இறக்குவதை விட்டுவிட்டு, இழையைப் பார்த்து இறக்கப் பழகுங்கள். பொதியில் சொன்ன நேரம் முடிந்ததும் ஓர் இழையை எடுத்துப் பல்லால் கடித்து, கடித்த முனையைப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். அந்தப் புள்ளி ஊசிமுனையளவாகச் சுருங்கி, மறையப் போகும் தறுவாயில் இருந்தால், பிரட்டுவதற்கு அதுதான் சரியான பதம். மிச்சம் தாச்சியில் வெந்துவிடும். என் வீட்டில் 4 நிமிட நூடில்ஸுக்கு 5 முதல் 6 நிமிடம் வரை பிடிக்கிறது. நீங்கள் இருக்கும் உயரத்தையும் இழையின் தடிப்பையும் பொறுத்து இது மாறும் என்பதால், என் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கடித்தே பாருங்கள்.

தண்ணீரின் அளவும் இங்கே கூடுதலாகவே வேண்டும். இரண்டு பேருக்கான 200 கிராம் நூடில்ஸுக்கு 2 லீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். உலர்ந்த நூடில்ஸ் விழுந்ததும் தண்ணீரின் சூடு சட்டென்று இறங்குகிறது. ஏற்கெனவே கொதிநிலை குறைந்த ஊரில், சிறிய பானையில் கொஞ்சத் தண்ணீர் வைத்தால் அது மீண்டும் கொதிப்பதற்கு நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் இழைகளின் மேற்பரப்பிலுள்ள மாவுப்பொருள் ஊறிப் பசையாகி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. எனவே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நூடில்ஸைப் போட்டு, முதல் ஒரு நிமிடம் முள்ளுக்கரண்டியால் இழைகளைப் பிரித்துக்கொண்டே இருங்கள். அதன் பிறகு மறுகொதி வரும்வரை மூடலாம். வந்தவுடன் மூடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கி அடுப்பில் வழியும். பொதி 400 கிராமாக இருந்தாலும் முழுவதையும் ஒரே தடவையில் போட வேண்டாம்.

உப்புப் போட்டால் தண்ணீர் கூடுதலாகச் சூடாகும் என்று சொல்வார்கள். ஒரு லீற்றருக்கு 10 கிராம் உப்புப் போட்டாலும் கொதிநிலை கால் பாகைகூட உயராது; உப்பைச் சுவைக்காகப் போடுங்கள். தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை, அது மேலே மிதந்து தண்ணீரோடு வடிந்துவிடும். அடுப்பை அணைத்து மூடிவைத்து வேகவிடும் முறையையும், நுவரெலியாவின் மாலைக் குளிரில், மெல்லிய அலுமினியப் பானையில் செய்யாதீர்கள். நூடில்ஸ் வேகுமுன் தண்ணீர் ஆறிவிடும்.

வடித்து உலரவிடுதல்

நூடில்ஸை வடிதட்டில் கொட்டியவுடன் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். நம் குழாய்களில் வரும் தண்ணீரின் குளிர்ச்சி இந்த வேலைக்கு மிகவும் உதவுகிறது: வேகுவது உடனே நிற்கும், மேலே ஒட்டிய பசையும் கழுவிப்போகும். அலசிய பின் ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கையால் பிசறி, இடியப்பத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி வையுங்கள். இதற்கு இடியப்பத் தட்டைவிட நல்ல சாமான் எதையும் நான் காணவில்லை. கீழிருந்தும் மேலிருந்தும் காற்றுப் படுவதால் ஈரம் விரைவில் போகிறது. வெயில் நாளில் 20 நிமிடம் போதும். மூடுபனியும் மழையுமான நாள்களில் ஈரம் இலேசில் போகாது என்பதால், சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரே அவித்துப் பரப்பிவிடுவது நல்லது. ஈரத்தோடு தாச்சியில் போட்ட நூடில்ஸ் பிரளாது, அவியத்தான் செய்யும்.

தாச்சியில் பிரட்டுதல்

இரும்புத் தாச்சியை வாங்குங்கள். ஒட்டாத பூச்சுள்ள தாச்சியை மிகையாகச் சூடாக்கினால் பூச்சுக் கெடும் என்பதால், இந்த உணவுக்கு வேண்டிய கடுஞ்சூட்டை அதில் கொடுக்க முடியாது. உணவகங்களில் உள்ள சீன அடுப்பு வீட்டு அடுப்பைவிடப் பன்மடங்கு வலியது. அந்தக் குறையை ஈடுசெய்ய நம்மிடம் இருக்கும் ஒரே வழி, ஒரு தடவையில் ஒருவருக்குரிய அளவை மட்டும் போடுவதுதான். நால்வருக்குச் சமைப்பதென்றால் நான்கு தடவை பிரட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிமிடம்தான் ஆகும்.

மரக்கறியைப் பொறுத்தவரை நமக்குக் குறையே இல்லை. லீக்ஸ், கரட், கோவா மூன்றும் போதும். லீக்ஸுக்கு மண் அணைத்து வளர்ப்பதால் இதழ்களுக்கிடையே மணல் புகுந்திருக்கும். முழுத் தண்டாக மேலே மட்டும் கழுவினால் அது போகாது. நீளவாக்கில் பிளந்து, ஓர் அகன்ற பாத்திரத் தண்ணீரில் இதழ்களை விரித்து அலசுங்கள். பச்சைப் பகுதியை எறியாதீர்கள், மணம் அதில்தான் இருக்கிறது. வெள்ளைப் பகுதி முதலிலும் பச்சைப் பகுதி கடைசியிலும் தாச்சிக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் தீக்குச்சியின் பருமனுக்கு நறுக்கி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள்.

வெறுந்தாச்சி இலேசாகப் புகையும்வரை காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நறுக்கிய பூண்டும் இஞ்சியும் போட்டு, அவை நிறம் மாறுவதற்குள் கரட்டையும் லீக்ஸின் வெள்ளைப் பகுதியையும் போடுங்கள். அரை நிமிடத்தில் கோவா. அது நறுக்கென்று இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துவைத்து, அதே தாச்சியில் இன்னும் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு முட்டையை உடைத்துக் கிளறுங்கள். முட்டை பாதி இறுகியதும் நூடில்ஸைப் போட்டு, அடியில் இலேசாகச் சிவக்கும்வரை அரை நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு புரட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸை நூடில்ஸின் மேல் ஊற்றாமல், தாச்சியின் சூடான ஓரத்தைச் சுற்றி ஊற்றினால் அது பொங்கிக் கருகி ஒரு தனி மணம் தரும். மரக்கறியையும் லீக்ஸின் பச்சைப் பகுதியையும் சேர்த்து, மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். கறித்தூள் சேர்க்கும் வீடுகளும் உண்டு. லீக்ஸின் மணத்தை அது அடக்கிவிடுவதால் நான் சேர்ப்பதில்லை.

நெத்தலிச் சாற்றில் சூப் நூடில்ஸ்

கொரியாவில் உலர்ந்த நெத்தலியை அவித்து எடுத்த சாற்றில் கோதுமை நூடில்ஸைப் போட்டு உண்பது வழக்கம். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நெத்தலிக் கருவாடு இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. ஒரு கைப்பிடி நெத்தலியின் தலையையும் குடலையும் கிள்ளி நீக்குங்கள், ஏனெனில் கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. உப்புப் போகக் கழுவித் துடைத்து, வெறுந்தாச்சியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றரை லீற்றர் தண்ணீரில் ஒரு துண்டு இஞ்சியோடு 15 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடியுங்கள். மாசி இருந்தால் ஒரு சிறு துண்டை இடித்துச் சேர்க்கலாம். ஜப்பானியர் சாறு எடுக்கும் கட்சுவோபுஷியும் மாசியைப் போலவே சூரை இனத்து மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய பண்டம்தான். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் சுவைத்துப் பார்த்த பின்னரே சோயா சோஸ் விடுங்கள். நூடில்ஸைத் தனியாக அவித்து அலசி, கிண்ணத்தில் வைத்து, கொதிக்கும் சாற்றை மேலே ஊற்ற வேண்டும். சாற்றிலேயே அவித்தால் அது கஞ்சியாகத் தடித்துவிடும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பிரஷர் குக்கரில் வைத்தால் உயரத்தின் குறை தீருமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பருப்புக்கும் கடலைக்கும் அது சரி. நூடில்ஸின் மாவு நுரை ஆவித் துவாரத்தை அடைக்கக்கூடும் என்பதால் வேண்டாம்.

அரிசி நூடில்ஸ் பற்றியும் பலர் கேட்டார்கள். மெல்லிய வகையைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் அடுப்பிலேயே வைத்து வடித்துவிடலாம். தட்டையான வகையை அவிக்காதீர்கள். இளஞ்சூட்டு நீரில் வளையும் பதம் வரும்வரை ஊறவைத்து, தாச்சியில் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து வேகவிடுங்கள். ஊறவைக்கும் தண்ணீர் இங்கே விரைவில் ஆறிவிடுவதால் பாத்திரத்தை மூடி, இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

குளிர்ந்த காலைகளில் அடுப்பின் சுவாலை சிறுத்துவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் பியூட்டேன் குளிரில் மெதுவாகவே வாயுவாக மாறுவதால், சிலிண்டர் முடியும் தறுவாயில் இது நன்றாகத் தெரியும். சிலிண்டரை அடுப்பருகே கொண்டுபோவதோ அதன் மேல் வெந்நீர் ஊற்றுவதோ ஆபத்து. எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பிரட்டும் வேலையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வேண்டுமென்றால் சூப் நூடில்ஸ் செய்யுங்கள், அதற்குச் சிறிய சுவாலையே போதும்.