கத்தியைப் பலகையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்

பாரிமுனையிலோ தி.நகரிலோ கத்தி வாங்கும்போது, வெட்டும் விளிம்பைச் சமமான பலகை மேல் வைத்துப் பாருங்கள். விளிம்பு ஏறக்குறைய முழுதும் படிந்தால் அது காய் நறுக்க. பாதியிலிருந்தே வளைந்து மேலே எழும்பினால் இறைச்சி, மீனுக்கு.

நேர் விளிம்பு மேலிருந்து அழுத்தும்போது முழு நீளமும் ஒரே நேரத்தில் பலகையைத் தொடும். வளைந்ததில் ஒரு பகுதி தொடாமல் நின்று, கீரைத்தண்டும் வெங்காயத்தாளும் அறுபடாமல் மாலை போல ஒட்டிக்கொண்டே வரும். அதே வளைவு இழுத்து வெட்டும்போது பலம்: சிறு பகுதி மட்டும் படுவதால் அழுத்தம் அங்கே குவிந்து, கோழித்தோல்கூட வழுக்காமல் அறுபடும்.

நாகலாபுரம் பக்கம் மலையேறப் போகிறவர்கள் கத்தியின் முதுகையும், அதாவது விளிம்புக்கு எதிரே உள்ள வெட்டாத பக்கத்தையும், பாருங்கள். முதுகு மெல்லச் சரிந்து நுனியில் சேரும் டிராப் பாயிண்ட்தான் என் தேர்வு. கைப்பிடி தவிர 3 முதல் 4 அங்குல நீளம் போதும். முதுகு குழிவாகச் செதுக்கிய கிளிப் பாயிண்ட் நன்றாகக் குத்தும், ஆனால் நுனி மெல்லியது. மூடியை நெம்பினால் முறிந்துவிடும். (எந்தக் கத்தியாலும் நெம்பாதீர்கள்.)

பலமுறை சாணை பிடித்த பழைய கத்திக்கு இந்தச் சோதனை செல்லாது. நடுவில் தேய்ந்து, பலகைக்கும் விளிம்புக்கும் இடையே வெளிச்சம் தெரியும். ரொட்டி வெட்டும் பல் கத்திக்கும் பொருந்தாது. தேங்காய் உடைக்க இவை எதுவும் வேண்டாம், வெட்டுக்கத்திதான்.