படப் புத்தகத்தை முடிப்பதற்கு என்ன அவசரம்?

என் மகளுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது ஒரே படப் புத்தகத்தை ஏறக்குறைய இரண்டு மாதம், தினமும் ராத்திரி படித்துக் காட்டியிருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டே வீடு தேடும் நாய்க்குட்டியின் கதை. எனக்கு வரி வரியாக மனப்பாடம். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் மூன்றாவது பக்கத்தைத் திருப்பப் போனேன், அவள் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, "அப்பா, செருப்பு ஒண்ணு இல்ல" என்றாள். என்னடா இது என்று பார்த்தால், ஓரத்தில் குடையோடு ஓடுகிற பையனின் ஒரு காலில் செருப்பு இல்லை. முந்தின பக்கத்தில் இரண்டு காலிலும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்தச் செருப்பை நாய்க்குட்டி வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறது! கதை வரிகளில் செருப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அறுபது தடவை படித்த எனக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் நான் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கனடாவைச் சேர்ந்த எவன்ஸ், செயின்ட்-ஓபின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கதை படித்துக் காட்டும்போது சின்னக் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். எந்த மாதிரிப் புத்தகமாக இருந்தாலும் குழந்தைகள் எழுத்தைப் பார்த்த நேரம் மிகவும் குறைவு, கண் முழுக்கப் படத்தில்தான். அதாவது நாம் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை வேறொரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இது புரியாததால் வருகிறவைதான்: வரி முடிந்ததா, பக்கத்தைத் திருப்பு, கதை முடிந்ததா, விளக்கை அணை.

சரி, என்ன செய்யலாம்? புதுப் பக்கம் வந்ததும் உடனே வாயைத் திறக்காதீர்கள். நாலைந்து நொடி சும்மா இருங்கள். குழந்தை கண்ணால் பக்கத்தைச் சுற்றி வரட்டும், அப்புறம் படிக்க ஆரம்பிக்கலாம். நல்ல படப் புத்தகத்தில் படம் கதைக்கு அலங்காரம் கிடையாது, பாதிக் கதை அதில்தான் இருக்கும், சில சமயம் எழுத்து சொல்வதற்கு நேர்மாறாகக்கூட இருக்கும். இன்னொரு சின்ன விஷயம், எதைப் பற்றிப் படிக்கிறீர்களோ அந்தப் படத்தின் மேல் விரலை வையுங்கள். இடது பக்கம் ஒரு படம், வலது பக்கம் ஒரு படம் என்று விரித்தால், நாம் இடது பக்க வரியைப் படிக்கும்போது குழந்தை வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஃப்ளாக், ஹார்ஸ்ட் என்பவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தைகள் ஒரு நேரத்தில் ஒரு படம் மட்டும் இருந்தபோது புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு படம் இருந்தாலும், இந்தப் பக்கம்தான் இப்போது என்று கையை வீசிக் காட்டியபோது அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது. கையை வீசுவதற்கு என்ன செலவு?

அடுத்த தவறு, என் கணக்கில் இதுதான் பெரியது: புத்தகத்தைப் பரீட்சைத்தாள் ஆக்குவது. "இது என்ன? அது என்ன கலர்? எத்தனை பூ இருக்கு? எண்ணு!" நானும் இதைச் செய்தவன்தான். எனக்குப் புத்தி வந்தது எப்போது என்றால், மகள் தன் கரடிப் பொம்மையை எதிரே உட்கார வைத்து, புத்தகத்தை விரித்து, விரலை ஆட்டி, "இது என்ன கலர்? சொல்லு! சொல்லு!" என்று அதட்டியபோது. கரடி பாவம், பதில் சொல்லவில்லை. கதை சொல்வது என்றால் இப்படித்தான் என்று அவள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்வது. 21 முதல் 35 மாதம் வரையுள்ள குழந்தைகள். இரண்டு பிரிவாகப் பெற்றோர்கள், இருவருமே வீட்டில் புத்தகம் படிக்கிறவர்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கொஞ்சம் பயிற்சி: ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேளுங்கள், குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள், அதன் ஆர்வம் போகிற வழியில் போங்கள். ஒரே மாதம்தான். அப்புறம் சோதித்தபோது, பேச்சில் வெளிப்படுத்தும் திறனை அளக்கும் ஒரு தேர்வில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட எட்டரை மாதம் முன்னால் இருந்தார்கள், சொல்வளத்தைப் பார்க்கும் இன்னொரு தேர்வில் ஆறு மாதம். ஒன்று கவனியுங்கள், மற்றப் பிரிவினரும் படிக்காமல் இருக்கவில்லை. படித்த விதம்தான் வேறு.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், குழந்தை படத்தைக் காட்டி "நாய் போச்சு" என்கிறது. "அப்படிச் சொல்லக் கூடாது, நாய் போயிடுச்சுன்னு சொல்லு" என்றால் பேச்சு அங்கேயே செத்துவிடும். "ஆமா, நாய்க்குட்டி கதவுக்குப் பின்னாடி போயிடுச்சு, அங்க என்ன பண்ணுதோ தெரியலையே" என்றால், திருத்தமும் ஆயிற்று, இரண்டு புதுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது, குழந்தை பதில் சொல்ல இடமும் இருக்கிறது. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், இதுதான் கஷ்டம். நாம் கேட்ட அடுத்த நொடியே நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அந்த ஐந்து நொடி ஒரு யுகம் போலத் தெரியும், ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுத்துவர அவ்வளவு நேரம் ஆகிறது. அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டாலும் கதை நொண்டும். புதுப் புத்தகம் என்றால் முதல் தடவை கதையைக் கதையாகவே ஓட விடுங்கள், பேச்சு எல்லாம் இரண்டாவது மூன்றாவது வாசிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மூன்றாவது என்கிறேன், நடப்பது முப்பதாவது நாற்பதாவது. "மறுபடியும்!" என்று கேட்டால் சலித்துக்கொள்வது, புத்தகத்தை மாற்றிக் கொடுப்பது, என்னைப் போல் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பது (கண்டுபிடித்துவிட்டாள்) எல்லாமே நமக்குச் சலிப்பதால் செய்வது, குழந்தைக்குச் சலிக்கவில்லை. ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினரின் 2011 ஆய்வில் மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், சிலருக்கு வேறு வேறு கதைகள். புதுச் சொற்கள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில்தான் வந்தன. ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் புரிகிறது. முதல் தடவை கதை என்ன ஆகும் என்பதிலேயே கவனம் போய்விடும், அது தெரிந்த பிறகுதான் மற்றதைக் கவனிக்க மனது ஒழிகிறது. செருப்பு காணாமல் போனது முதல் நாளிலா தெரிந்தது?

குழந்தை அசையாமல் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அடுத்தது. ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டு பக்கம் கேட்கும், எழுந்து ஓடும், பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வரும், நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவும். பிடித்து மடியில் இறுக்கி வைத்துப் படித்தால் புத்தகம் என்றாலே கைதி ஆகிற நேரம் என்று அதற்குப் பதிந்துவிடும். ஓடினால் ஓடட்டும், நீங்கள் பாட்டுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள், பல நாள் காது இங்கேதான் இருக்கும். சில நாள் இருக்காது. மூடி வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கைக்குழந்தை புத்தகத்தைக் கடித்தால் "இன்னும் வயசு வரல" என்று எடுத்து மேலே வைத்துவிடுகிறோம். கடிப்பதும் தட்டுவதும் பிறாண்டுவதும்தான் அந்த வயதின் வாசிப்பு. ஜூடி டிலோச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் 1998-இல் எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒன்பது மாதக் குழந்தைகள் படத்தில் இருக்கும் பொருளை நிஜப் பொருள் போலக் கையால் பிடித்து எடுக்கப் பார்க்கிறார்கள், பத்தொன்பது மாத வாக்கில் அதை விட்டுவிட்டு விரலால் சுட்டிக் காட்டுகிறார்கள். படம் என்பது பொருள் இல்லை, பொருளைக் குறிப்பது என்பதே ஒரு பெரிய கண்டுபிடிப்பு, அதைப் பக்கத்தைப் பிறாண்டிப் பிறாண்டித்தான் குழந்தை கண்டுபிடிக்கிறது. கெட்டி அட்டைப் புத்தகம் கொடுங்கள். கிழித்தால் உட்கார்ந்து சேர்ந்தே ஒட்டுங்கள், அதுவும் ஒரு வேலைதான். எட்டாத அலமாரியில் அழகாக அடுக்கி வைத்த புத்தகம் குழந்தையின் புத்தகம் இல்லை. கீழே, அட்டைப்படம் தெரிகிற மாதிரி வையுங்கள், ஏனென்றால் முதுகில் இருக்கும் பெயரைப் படித்து எடுக்க அதற்குத் தெரியாது.

பேச்சு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014-இலேயே சிசுப் பருவத்திலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டது. பிறந்த புதிதில் குழந்தைக்கு ஏறக்குறைய 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், ஆகையால் படத்தை முகத்துக்குக் கிட்டத்தில் பிடிக்க வேண்டும், கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று இருந்தால் நல்லது. அந்த வயதில் அதற்கு வேண்டியது உங்கள் குரல். எதைப் படித்தாலும் சரிதான், செய்தித்தாள்கூட.

பட்டனைத் தட்டினால் யானை பிளிறும் புத்தகம், செல்போனில் தானே கதை சொல்லும் செயலி. இவை விஷம் இல்லை. ஆனால் 2019-இல் அமெரிக்காவில் 37 பெற்றோர்-குழந்தை ஜோடிகளைக் காகிதப் புத்தகத்தோடும் மின்புத்தகத்தோடும் உட்கார வைத்துப் பார்த்தபோது, மின்புத்தகத்தில் இருவரும் பேசிக்கொண்டது குறைந்தது. "அதைத் தொடாதே, இங்க அழுத்து" மாதிரியான பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. யானை எங்கே போகிறது என்று யார் கேட்பார்கள், பட்டன் யார் கையில் என்பதுதான் சண்டை.

கதை முடிந்ததும் "பார்த்தியா, பொய் சொன்னா இப்படித்தான் ஆகும், நீயும் நேத்து..." என்று ஆரம்பிக்கிற வழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. விட்டுவிடுங்களேன். இவ்வளவு நேரம் நரியோடு காட்டில் சுற்றிக்கொண்டிருந்த குழந்தையைப் பிடித்து இழுத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அது. கதையில் நீதி இருந்தால் அது தானே இறங்கும். அதே போல "சேட்டை பண்ணினா இன்னிக்கு புக் கிடையாது" என்ற தண்டனையும் வேண்டாம்.

புத்தகம் ஒரு மொழியில், வீட்டில் பேசுவது வேறு மொழியில் என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வரி படித்து, அதற்கு அர்த்தம் சொல்லி, மறுபடி ஒரு வரி படித்து என்று போனால் கதைக்கு மூச்சு வாங்கும். எழுத்தை மறந்துவிட்டு, படத்தைப் பார்த்து உங்கள் மொழியில் நீங்களே கதை சொல்லுங்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் இருக்கின்றன, அவை அருமையானவை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட ஜம்மென்று அதைப் "படித்து"விடுவார், அதுவும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதையாக. குழந்தைக்கு எழுத்து வந்துவிட்டது, இனி தானே படிக்கட்டும் என்று ஒதுங்கிவிடுவது மட்டும் கூடாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையால் தானாகப் படிக்க முடிகிற கதை வேறு, காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற கதை வேறு, இரண்டாவது எவ்வளவோ பெரியது.

அப்புறம், களைப்பாக இருக்கும் நாட்கள். எல்லோருக்கும் வரும். அன்றைக்கு இரண்டு பக்கம் போதும், குரல் மாற்றி நடிக்கவும் வேண்டாம். நடுவில் வரிகளை முழுங்கிச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நாற்பது தடவை கேட்ட குழந்தையிடம் அது நடக்காது. நான் ஒருநாள் பாதி வரியிலேயே தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தபோது அவள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கரடியிடம் மீதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள், செருப்பு கிடைத்த இடத்தை மட்டும் இரண்டு தடவை.