ஸ்பின்லாக்குக்குள் ஒரு கேமலாக்

லினக்ஸ் டிரைவர் ஒன்றுக்கு வந்த பேட்ச், அதாவது கோட் திருத்தம். சோதனைகள் எல்லாம் பாஸ். ஆனால் நினைவகம் நெருக்கடியாகும்போது மட்டும் கணினி அப்படியே உறைந்துவிடும்.

மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தது ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் ஒரே ஒரு கேமலாக் வரி, அதாவது கெர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கும் அழைப்பு. அதை அழைக்கும் ஃபங்ஷன்களை மேலே தேடிப் போனபோதுதான் ஸ்பின்லாக் (விடுபடும்வரை மற்றவை சுற்றிச்சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருப்பது கண்ணில் பட்டது. ஜிஎஃப்பி_கெர்னல் தேவைப்பட்டால் தூங்கும், அதாவது நினைவகம் கிடைக்கும்வரை சிபியூவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கவே கூடாது. நினைவகம் தாராளமாக இருக்கும்வரை தூங்க வேண்டிய அவசியம் வராது, அதனால்தான் சோதனையில் தப்பியது.

தூங்கக் கூடாத இடத்தில் தூங்கக்கூடிய அழைப்பைப் பிடிக்கும் கான்ஃபிக்_டிபக்_அட்டாமிக்_ஸ்லீப் போட்டு கெர்னலை பில்ட் செய்து ஓட்டினேன். உடனே எச்சரிக்கை வந்தது. நிஜமாகத் தூங்கும்வரை அது காத்திருப்பதில்லை, நல்ல விஷயம்.

கொடியைத் தூங்காத ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று மாற்றினால் போதுமே என்றார் பேட்ச் எழுதியவர். எனக்கு உடன்பாடில்லை. அது அவசர இருப்பில் கைவைக்கும், தோற்கவும் வாய்ப்பு அதிகம். லாக்குக்கு முன்பே நினைவகத்தை ஒதுக்கிவிட்டு, உள்ளே போனதும் வேறு த்ரெட் முந்திக்கொண்டதா என்று பார்த்து, முந்தியிருந்தால் லாக்கை விட்டபின் ஒதுக்கியதை கேஃப்ரீ செய்து திருப்பித் தரச் சொன்னேன். உறைவது நின்றது. அப்புறம் ஃபெயில்ஸ்லாப் என்ற சோதனை வசதி மூலம் ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்த்ததில், எரர் பாதையில் இருந்த ஒரு நினைவகக் கசிவையும் கேமெம்லீக் என்ற கசிவு கண்டறியும் கருவி காட்டிக்கொடுத்தது.