கோஷர் சமையலுக்கு மீன் வாங்கப் போகிறீர்களா?

கோஷர் என்றால் யூத மத விதிப்படி சாப்பிடத் தக்கது. பன்றி கூடாது, இறால் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். லண்டனில் ஒரு கோஷர் சமையல்கூடத்துக்குப் பல வருடமாகச் சாமான் வாங்கிப்போடுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், ஒரு காலத்தில் நான் செய்த அதே கூத்தைச் செய்துவிட்டுத் திருதிருவென்று நின்றான். புதிதாக வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள் இவை.

ஒரு அடையாளத்தோடு நிறுத்துவது

நாலுகால் பிராணி என்றால் குளம்பு முழுதாகப் பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது என்பதற்காகவே ஒட்டகம், குழிமுசல், முயல், பன்றி என்று நாலையும் பெயர் சொல்லியே விலக்குகிறது யூதர்களின் வேதமான தோரா (லேவியராகமம் 11). மாடு, ஆடு, மான் சரி. ஒட்டகச்சிவிங்கிக்கும் இரண்டும் உண்டு, ஆனால் யார் வாங்கப் போகிறார்கள்!

தோல் உரித்த மீன்

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும். அந்தச் செதிலும் தோலைக் கிழிக்காமல் பெயர்ந்து வர வேண்டும். சுறாவின் சொரசொரப்பு அப்படி வராது, அதனால் சுறா கூடாது. கெளுத்தி, விலாங்கும் கூடாது. இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான், ஒரு ஷபாத் (வெள்ளி மாலை தொடங்கும் யூதர்களின் ஓய்வு நாள்) விருந்துக்கு 20 கிலோ காட் மீனை, வேலை மிச்சம் என்று தோலுரித்துத் துண்டுபோட்டு வாங்கி வந்தேன். காட் கோஷர்தானே? மஷ்கியா, அதாவது சமையலறையைக் கண்காணிப்பவர், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தோல் எங்கே?" கடைக்காரர் சத்தியம் செய்தாலும் செல்லாது, ஏனென்றால் தோல் போன வெள்ளைத் துண்டு காட்டா, செதிலே இல்லாத மாங்க் மீனா என்று எதை வைத்துச் சொல்வது? அத்தனையும் திரும்பிப் போனது, பாதிப் பணம் என் சம்பளத்தில் கழிந்தது, வியாழன் ராத்திரி வேறு மீனுக்கு ஊரெல்லாம் அலைந்தேன். முழு மீனாக வாங்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு துண்டிலும் செதிலோடு கொஞ்சம் தோலை விடச் சொல்லுங்கள். சால்மனுக்கு மட்டும் அதன் சதை நிறத்தைப் பார்த்துப் பலர் விலக்கு தருவார்கள். அப்புறம், வெட்டும் கத்தி உங்களுடையதாக இருக்கட்டும், கடைக் கத்தி அதற்கு முன் எதை வெட்டியதோ.

பறவைக்கு அடையாளம் தேடுவது

தோராவில் இருப்பது கூடாத பறவைகளின் பட்டியல் மட்டுமே. கோழி, வாத்து, வான்கோழி தாண்டினால் ரப்பியை, அதாவது யூத மத குருவைக் கேளுங்கள்.

ஆடுதானே என்று கண்ட கடையில் வாங்குவது

ஷெஹிதா என்ற யூத மத முறைப்படி அறுக்காத ஆடு கோஷர் இல்லை.

தேன்

தேனீ கூடாது, தேன் கூடும். இதை வைத்து ஒட்டகப் பாலுக்கு வாதாடாதீர்கள், அது கூடாது.